சக்கரம் வைத்த வாசற்படி

அந்த வீட்டு வாசற்படிக்குச் சக்கரம் உண்டு.

மூன்று படிகள், இரும்புச் சட்டம், அடியில் ஃபவுண்டரியில் வார்த்த நான்கு சின்னச் சக்கரங்கள். தெருவுக்குள் லாரி வந்தால் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "படியோய்!" என்று கத்துவார். வீட்டில் இருப்பவர் இறங்கி வந்து காலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். மேசை இழுப்பறை போலப் படிகள் வீட்டுக்கு அடியில் போய்விடும். லாரி உரசாமல் வளைவில் திரும்பும். போன பிறகு படியை வெளியே இழுத்துவிட வேண்டும். மறந்துபோனால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். பின்வாசல் கிடையாது. பின்பக்கம் முழுவதும் பாய்லர்.

தெரு அந்த இடத்தில் வளைவதற்குக் காரணமும் பாய்லர்தான். எந்தக் காலத்திலோ துணி மில்லுக்காக வண்டியில் வந்த பாய்லர் அங்கே சரிந்து விழுந்தது. தூக்க முடியவில்லை. பாய்லர் நகராததால் தெரு நகர்ந்துகொண்டது. பிறகு அதன்மேல் சாய்ந்தாற்போல ஒரு வீடு எழும்பியது. அந்த வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்தாள்.

வந்த புதிதில் அவளுக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. வீட்டுச் சுவரில் ஒரு வட்டமான இரும்புக் கதவு. திறந்தால் ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு ஒரு பெரிய இரும்புக் குழாய், அந்த பாய்லரின் உட்புறம். உள்ளே இருந்த சின்னக் குழாய்களை எல்லாம் யாரோ எப்போதோ கழற்றி விற்றிருந்தார்கள். இப்போது ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கொடியில் துணி. நைட் ஷிப்ட் முடித்து வருகிற கணவனுக்குப் பகலில் தூங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இருட்டு, குளிர்ச்சி, தெருச் சத்தம் எட்டாது.

"எங்க வீட்டுல ஏசி ரூம் இருக்கு" என்று கல்யாணத்துக்கு முன் கணவன் சொன்னது இதைத்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊரும் வீட்டுக்குச் சளைத்ததில்லை. வேலிகள் எல்லாம் வாஷர் வெட்டி எடுத்த மிச்சத் தகடு. வட்டம் வட்டமாக ஓட்டை. காலை வெயிலில் நடைபாதை முழுக்கச் சில்லறை இறைத்தது போலிருக்கும். ஊர் எல்லையில் ஒரு புகைபோக்கி. அதைக் கட்டி முடிப்பதற்குள் முதலாளி மனம் மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். தொழிற்சாலை வரவே இல்லை. அந்தப் புகைபோக்கி இன்றுவரை ஒரு பொட்டுப் புகை விட்டதில்லை. புறாக்கள் குடும்பம் நடத்துகின்றன. ஸ்டேஷன் எதிரில் ஒரு பீடம். அதன்மேல் வைப்பதாக இருந்த சிலை வரவில்லை. போல்ட் கம்பெனிக்காரர்கள் ஆள் உயர போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கண்காட்சிக்காகக் கடைந்தது. கடைந்தவர் திருகு மரையை இடது பக்கமாக ஓட்டிவிட்டார். அதற்குப் பொருந்தும் நட்டு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இதையெல்லாம் யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. போல்ட் கம்பெனி பேக்கிங்கில் வேலை பார்த்தபோது காதில் விழுந்தவை. பிறகு பேக்கிங்குக்கு மெஷின் வந்தது. அது தானே எடை பார்த்து, தானே பையைத் தைத்தது. பேக்கிங் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். மற்றவர்கள் தையல், கடை என்று ஏதாவது பிடித்துக்கொண்டார்கள். இவள் காலையில் எழுந்து, குளித்து, எங்கே போவது என்று தெரியாமல் தலை வாரிக்கொண்டு நின்றாள். சும்மா இருக்க அவளுக்கு வரவில்லை. அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். அடுத்த நாள் அதையே மறுபடி கலைத்து அடுக்கினாள்.

"அந்த அலமாரி பாவம்" என்றார் மாமியார். "அதுக்கும் ஒரு லீவு குடு கண்ணு."

அப்போதுதான் நகராட்சி, ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு சின்ன பஸ் விடப்போகிறது, கூடவே போய் விவரம் சொல்ல ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் சொந்தமாக விரும்பிக் கேட்ட முதல் வேலை அது. போல்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டது அண்ணன்.

நகராட்சி அதிகாரி கறாரான அம்மாள். "உங்களுக்கு விஷயம் தெரியுது" என்றார். "ஆனா நீங்க பேசறது எனக்கே பாதிதான் கேக்குது. பஸ்ஸுல மைக்கும் இன்னும் வரல. ஞாயித்துக்கெழமை ஒரு சுத்து போவோம். வெளியூர்லேருந்து கொஞ்சம் பேர் வர்றாங்க. நானும் கூட வர்றேன். சரியா வந்தா நீங்க. இல்லேன்னா விளம்பர வண்டியில பேசறாரே, அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

விளம்பர வண்டிக்காரரின் குரல் ஊருக்கே தெரியும். அவர் தும்மினால்கூட அடுத்த தெருவில் ஆடித் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமியார் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"குரல்தானே பிரச்சினை? குரலுக்கு நான் இருக்கேன்."

தெருவில் மாமியாருக்கு சைரன் என்று பேர். நேரிலேயே கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஒருமுறை மில் சைரன் ரிப்பேர் ஆனபோது, 'அக்காவைக் கூட்டிட்டுப் போய் மாடியில நிறுத்துங்கடா' என்று எதிர் வீட்டு வெல்டர் சொன்னது இன்னும் பேச்சில் இருக்கிறது.

பயிற்சி தொடங்கியது. மருமகள் வாசற்படியில் நிற்பாள். மாமியார் தெருக்கோடிக்குப் போய் நின்றுகொள்வார்.

"சொல்லு!"

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர்..."

"கேக்கலை!"

"எல்லாருக்கும் வணக்கம்..."

"வாய் அசையறது தெரியுது! சத்தம் எங்க?"

வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அக்கா, எதிர்ல இருக்கற எனக்கே கேக்கலை. நீங்க அங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க?"

"நீ வெல்டிங்க நிறுத்துப்பா மொதல்ல. அந்தச் சத்தத்துல என் பொண்ணு பேசறது எப்படிக் கேக்கும்?"

"வெல்டிங்க நிறுத்தி அரைமணி ஆச்சு."

மூன்றாம் நாள் மாமியார் வேறு வழி கண்டுபிடித்தார். மருமகளை பாய்லருக்குள் அனுப்பிவிட்டு இவர் வெளியே நின்றார். உள்ளிருந்து அவள் வழக்கம்போல் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அது நிறைந்து, கனத்து, ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது. அவளே திடுக்கிட்டு நிறுத்திவிட்டாள்.

"பாத்தியா! குரல் இருக்கு! உள்ளதான் எங்கியோ ஒளிஞ்சிருக்கு!" என்று மாமியார் உள்ளே நுழைந்து கத்தினார். அது இரும்பில் மோதி, திரும்பி, மறுபடி மோதி, ஒரு சொல்லும் புரியாமல் உருண்டது. கட்டிலில் படுத்திருந்த கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

"லாரியா?" என்றான்.

"இல்லங்க, அத்தை."

"சரி" என்று மறுபடி படுத்துக்கொண்டான்.

அந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தூக்கத்தில் எந்தப் பெரிய சத்தம் கேட்டாலும் படியைத் தள்ள எழுந்துவிடுவார்கள். கல்யாணமாகி வெளியூர் போன நாத்தனார் அங்கேயும் ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறாளாம்.

பாய்லருக்குள் வந்த குரல் வாசலுக்கு வரவில்லை. சனிக்கிழமை மாலைவரை தெருக்கோடியிலிருந்து மாமியார் இரண்டு கைகளையும் ஆட்டி, "கேக்கலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "அத்தை, கடைசியா நம்ம தெருவுக்குத்தான் வருவோம். ஹாரன் கேட்டதும் படியத் தள்ளிடுங்க."

"வந்தவங்களை உக்கார வெச்சு டீ குடுக்க வேணாமா?"

"அதெல்லாம் வேணாம் அத்தை. பஸ்ஸ வளைவுல நிறுத்தி, வெளியிலேருந்தே காட்டிட்டுப் போயிடுவேன்."

மாமியார் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருப்பது அபூர்வம். அதை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. தூறவும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்த துணி காயாது என்று தெரிகிற மாதிரி ஒரு ஈரக்காற்று. கணவன் ஷிப்ட் முடிந்து வருவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள்.

வந்திருந்தவர்கள் ஒரு பஸ் நிறைய. பெரும்பாலும் வயதானவர்கள், தம்பதிகள். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் முதல் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டார். அதிகாரி அம்மாள் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து கேட்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

புகைபோக்கியடியில் பஸ் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் ஒப்பித்தாள். மனப்பாடம் செய்ததில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஆனால் காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"என்ன சொல்றாங்க?" என்றார் பின்னால் ஒரு அம்மாள்.

"புறா வளக்கறாங்களாம்" என்றார் அவர் கணவர்.

"இவ்வளவு ஒசரத்துலயா?"

கண்ணாடிக்காரர் மட்டும் பக்கத்தில் நின்றதால் எல்லாம் கேட்டிருந்தார். "புகையே வந்ததில்லைன்னு சொல்றீங்க. அதுக்கு என்னம்மா ஆதாரம்?"

வராத புகைக்கு எப்படி ஆதாரம் காட்டுவது? உள்ளே கரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

போல்ட்டடியில் நிலைமை இன்னும் மோசம். மரை இடது பக்கம் ஓடுகிறது என்று அவள் கையால் சுழற்றிக் காட்டினாள். வந்தவர்கள் அவள் வழி சொல்கிறாள் என்று நினைத்து வலது பக்கமாகப் போனார்கள். அங்கே ஒரு பழக்கடைதான் இருந்தது. அவர்களைத் திரும்பக் கூட்டி வருவதற்குள் பாதிப் பேர் பழம் வாங்கிவிட்டார்கள். அதிகாரி அம்மாள் செல்போனை எடுத்து ஏதோ பார்த்தார். விளம்பர வண்டிக்காரரின் நம்பராகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

'வளைவு ஒண்ணுதான் பாக்கி' என்று தேற்றிக்கொண்டாள். அங்கே பேச வேண்டியதே இல்லை. பாய்லர் அவ்வளவு பெரிது, கண் இருந்தால் போதும். வீட்டை உரசாமல் பஸ் திரும்புவதைப் பார்த்தாலே கை தட்டுவார்கள்.

"நேரா போங்கண்ணே" என்றாள் டிரைவரிடம். "ஹாரன் அடிங்க. படி உள்ள போயிடும்."

"படி உள்ள போகுமா?" டிரைவர் இந்த ஊருக்குப் புதிது. அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார். பஸ் மெதுவாக வளைவுக்குள் நுழைந்தது. வலது கண்ணாடிக்கு வெளியே வெல்டரின் ஓட்டைத் தகட்டு வேலி. இடது கண்ணாடிக்கு வெளியே அவள் வீட்டுச் சுவர். முன்னால், பளிச்சென்று, வாசற்படி.

படி உள்ளே போகவில்லை.

படியைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தது. ஓரமெல்லாம் கொத்தனார் கரண்டியால் வழித்து, பூ போட்டிருந்தார். இருபுறமும் ஒவ்வொரு பூந்தொட்டி. மேலே கதவருகில் மாமியார், நல்ல உடையில், கையில் டீத்தட்டுடன், சிரித்த முகமாக நின்றார். பஸ்ஸைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே உறைந்தது.

டிரைவர் பிரேக் போட்டார். பின்னால் எடுக்கலாம் என்றால், கம்பி ஏற்றிய லாரி ஒன்று அதற்குள் வந்து ஒட்டி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

"படியோய்!" என்றார் லாரி டிரைவர், விஷயம் தெரியாமல்.

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினாள். "அத்தை! என்ன இது?"

"நீ பஸ்ஸ தெருமுனையில நிறுத்திட்டு எல்லாரையும் நடத்திக் கூட்டிட்டு வருவேன்னு நெனச்சேன்."

"உள்ளதான் வரும்னு சொன்னேனே!"

"சொன்னே. ஆனா பாதிதான் கேட்டுச்சு" என்றார் மாமியார். உடனே அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குரல், அவருடைய குரல், இறங்கிவிட்டது. "வெளியூரு ஆளுங்க. வயசானவங்க. படி ஆடி யாராவது விழுந்துட்டா உன் வேலைக்கு ஆபத்துன்னு பாத்தேன். நீ போயி, அவன் வந்து படுத்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். கண்ணு, நான் உனக்கு நல்லதுன்னு..."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தலைமுறை தலைமுறையாக உருண்ட படி. அதை ஒட்ட ஒரு நாள் பார்த்து ஒட்டியிருக்கிறார்.

உள்ளே தடதடவென்று சத்தம். ஹாரன் பாய்லரையும் எட்டியிருந்தது. கணவன் பாதித் தூக்கத்தில் வந்தான். மனைவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, பஸ்ஸைப் பார்க்கவில்லை. இறங்கினான். வழக்கம்போல் காலால் படிக்கு ஒரு உதை விட்டான்.

"ஆ!"

கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சுற்றினான். கண்ணைத் திறந்து படியைப் பார்த்தான். "இதுக்கு என்ன ஆச்சு?"

"அலங்காரம் ஆச்சு" என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெல்டர். "நான் காலையிலயே சொல்லலாம்னு பாத்தேன். உங்கம்மா எங்க பேச விட்டாங்க? கொத்தனாரே பாவம், பூ போடமாட்டேன்னுதான் சொன்னாரு."

பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். அதிகாரி அம்மாளும் இறங்கினார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அவர்.

வெல்டர் வந்து குனிந்து சிமெண்டை விரலால் அழுத்தினார். நகம் உள்ளே போயிற்று. "மூட்டமா இருந்ததால காயல. கடப்பாரை வெச்சு நெம்பினா வந்துடும். ஆனா சக்கரத்துக்குள்ள போன சிமெண்ட்டச் சுரண்டி எடுக்கணும். ஒரு டீ குடிக்கிற நேரம்."

"டீ இருக்கு" என்றார் மாமியார் உடனே.

எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து அந்தக் கூட்டம் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். நடுத்தெருவில் நிற்க வைக்க முடியாது. வேறு இடமும் இல்லை.

"உள்ள வாங்க" என்றாள். "பாய்லரை உள்ளேருந்தே பாக்கலாம்."

அது அவள் மனப்பாடம் செய்ததில் இல்லை.

படி ஏறி, மாமியாரின் தட்டிலிருந்து டீயை எடுத்துக்கொண்டு, கூடம் தாண்டி, வட்டக் கதவுக்குள் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தார்கள். பாட்டி வயதுள்ள ஒரு அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தார். மற்றவர்கள் வளைந்த சுவரில் சாய்ந்து நின்றார்கள். கொடியில் தொங்கிய கணவனின் உள்சட்டையை அவள் சட்டென்று உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அதிகாரி அம்மாள் கோடியில், இரும்பு முடிகிற இடத்தில் போய் நின்றார்.

"இதுதான் அந்த பாய்லர்" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அது கோடிவரை போய், அதிகாரி அம்மாளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

அவளுக்குத் தெரியும், இங்கே கத்தக் கூடாது. கத்தினால் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நொறுங்கும். தன்னைப்போல் பேசினால் போதும். ஊரிலேயே அப்படி ஒரு இடம் அது ஒன்றுதான்.

"துணி மில்லுக்காக வந்தது. இந்த இடத்துல வண்டி அச்சு ஒடிஞ்சு விழுந்துச்சு. ஊரே சேந்து தள்ளியும் நகரல. மில்லுக்காரங்க, 'வண்டிக்காரன் கொண்டு வந்து சேக்கல, அதனால எங்களோடது இல்ல'ன்னுட்டாங்க. வண்டிக்காரங்க, 'உங்க ஊருக்கு வந்துடுச்சு, இனிமே உங்களோடது'ன்னுட்டாங்க. வழக்கு முடியற வரைக்கும் யாரும் திருடிட்டுப் போயிடக் கூடாதுன்னு காவலுக்கு ஒருத்தரைப் போட்டாங்க."

"இதை யாரு திருடுவா?" என்றார் ஒருவர்.

"அதையேதான் அவரும் கேட்டாராம். ஆனாலும் போட்டுட்டாங்க. அவரு பக்கத்துல ஒரு குடிசை போட்டாரு. அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. மில்லு வேற பாய்லர் வாங்கிடுச்சு, வழக்கை எல்லாரும் மறந்துட்டாங்க. ஆனா காவலுக்கு வந்தவரை 'போதும், போ'ன்னு சொல்ல மட்டும் யாரும் வரல. அவரோட கொள்ளுப் பேரன்தான் எங்க வீட்டுக்காரர். கணக்குப்படி இன்னும் டூட்டியிலதான் இருக்காரு."

கணவன் வட்டக் கதவருகில் கட்டைவிரலை நீவிக்கொண்டு நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"டூட்டி நேரத்துல தூங்கறாரே" என்றார் கட்டிலில் இருந்த அம்மாள். தலையணையில் இன்னும் பள்ளம் இருந்தது.

இரும்பு முழுக்கச் சிரிப்பு உருண்டது. அது அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. அடங்கியதும் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"நல்லா இருக்கும்மா கதை" என்றார் கண்ணாடிக்காரர். "ஆனா ஒரு பெரிய ஊரே சேர்ந்தும் இந்த இடத்துல ஒரு பாய்லர் வண்டியை நகத்த முடியலன்னு சொல்றீங்க. நம்பற மாதிரி இல்லையே. அதுக்கு ஆதாரம்?"

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். வெளியே கடப்பாரை இரும்பில் மோதுகிற சத்தம். லாரி டிரைவர் யாரையோ திட்டுகிற சத்தம். மாமியார் இருவருக்கும் சேர்த்துக் கட்டளை போடுகிற சத்தம்.

"நீங்க வந்த பஸ்ஸு வெளியில நிக்குதுங்களே" என்றாள்.

கண்ணாடிக்காரரே முதலில் சிரித்தார். கையிலிருந்த டீயைக் கொஞ்சம் சிந்தினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு மனப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை. புகைபோக்கிக்குள் கரி இல்லை என்பதை அப்போது சொன்னாள். போல்ட்டுக்கு நட்டு செய்ய யாராவது முன்வந்தால் போல்ட் கம்பெனி தொழிலாளிகளே தடுத்துவிடுவதைச் சொன்னாள். 'அப்புறம் ஊருல காட்டறதுக்கு என்ன இருக்கும்?' என்பார்களாம். மில் சைரன் ஒருநாள் தானாக முன்கூட்டியே ஊதியதையும், ஊரே வீட்டுக்குப் போய்விட்டதையும், மேனேஜர் காலியான மில்லில் தனியாகச் சுற்றியதையும், அன்றிலிருந்து எதிர்பாராத விடுமுறைக்கு இந்த ஊரில் 'சைரன் லீவு' என்று பேர் என்பதையும் சொன்னாள்.

"சைரனா? என்னையா கூப்பிட்டே?" என்று மாமியார் வட்டக் கதவில் தலையை நீட்டினார். "படி வந்துடுச்சு!"

வந்துவிட்டது மட்டுமில்லை. போயும்விட்டது. வெல்டரும் லாரி டிரைவரும் பஸ் டிரைவரும் சேர்ந்து நெம்பி, சக்கரங்களைச் சுரண்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரே தள்ளாகத் தள்ளியிருந்தார்கள். படி இழுப்பறை போல அடியில் மறைந்துவிட்டது. ஈரச் சிமெண்டில் இரண்டு சக்கரத் தடங்கள். ஒரு பூவின் பாதி மிச்சம்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. படி உள்ளே. ஆட்கள் வீட்டுக்குள்.

"இப்ப எப்படி இறங்கறது?" என்றார் கட்டிலிலிருந்து எழுந்து வந்த அம்மாள், வாசலில் நின்று கீழே எட்டிப் பார்த்து.

"படி போனதும் டிரைவரு பஸ்ஸ முன்னால எடுத்துட்டாரு, இப்ப படிய இழுக்க இடமில்ல" என்றார் வெல்டர், தலையைச் சொறிந்துகொண்டு. "பஸ்ஸு போனா, பின்னால ரெண்டு லாரி இருக்கு. அதுவும் போகணும். அதுவரைக்கும் நீங்க உள்ளதான்."

மாமியார் மருமகளைப் பார்த்தார். கணவன் மனைவியைப் பார்த்தான். அதிகாரி அம்மாளும் அவளைத்தான் பார்த்தார்.

அவள் வாசல் விளிம்பைப் பார்த்தாள். பஸ்ஸின் கதவைப் பார்த்தாள். பேக்கிங்கில் இருந்த நாளிலிருந்தே எந்தப் பெட்டி எதற்குள் போகும் என்று அவள் கண் தானாக அளந்துவிடும்.

"டிரைவரண்ணே, பஸ்ஸ இன்னும் கொஞ்சம் முன்னால எடுங்க. மெதுவா. இன்னும் கொஞ்சம். நில்லுங்க!"

பஸ்ஸின் கதவு வீட்டுக் கதவுக்கு நேராக வந்து நின்றது. நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

கட்டில் அம்மாள்தான் முதலில் போனார். கூடத்திலிருந்து ஒரு கால் எடுத்து பஸ்ஸில் வைத்தார். அவ்வளவுதான். உள்ளே போய்த் திரும்பி, கை தட்டினார். பிறகு ஒவ்வொருவராக, பக்கத்து அறைக்குப் போவது போல, வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் திரும்பி வீட்டுக்குள் வந்து, இன்னொரு முறை ஏறினார்.

"எதுக்குங்க?" என்றாள்.

"ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. நானே ரெண்டு தடவை பாத்துக்கறேன்."

அதிகாரி அம்மாள் கடைசியில் வந்தார். வாசலில் நின்றார். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் இதே மாதிரி வீட்டுலேருந்து ஏற வைக்க முடியுமா?"

"முடியும்" என்றாள். பிறகுதான் கேள்விக்குள் இருந்த பதில் அவளுக்குப் புரிந்தது. "அடுத்த ஞாயித்துக்கெழமையா?"

"அதுக்கு அடுத்ததும்தான். பேச்சை பாய்லருக்குள்ள வெச்சுக்குங்க, மீதி இடத்துக்கு மைக் வாங்கித் தர்றேன். ஒண்ணே ஒண்ணு." அவர் மாமியாரைப் பார்த்தார். "படியை மட்டும் ஒட்டாதீங்கம்மா."

"நான் ஏன் ஒட்டறேன்?" என்றார் மாமியார், ஒன்றுமே நடக்காதது போல. "அது உருளத்தானே செஞ்சது?"

வெல்டர் வேலிக்கு அப்பால் சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக அவளும் ஏறிக்கொண்டாள். ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். கணவனும் தொற்றிக்கொண்டான். விரல் வீங்கியிருந்தது, வழியில் மருந்துக் கடை. பஸ் கிளம்பியது. பின்னால் முதல் லாரி உறுமிக்கொண்டு வளைவில் நுழைந்தது. அதன் பின்னால் அடுத்தது. இரண்டும் உரசாமல் திரும்பி, தெருக்கோடியில் ஒதுங்கி நின்ற பஸ்ஸைத் தாண்டிப் போயின.

தெருக்கோடியில் பஸ் திரும்பும்போது அவள் பின்னால் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. திறந்த வாசலில், உயரத்தில், மாமியார் காலிக் கோப்பைத் தட்டுடன் தனியாக நின்றார். காலடியில் படி இல்லை. கீழே எட்டிப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். வெல்டர் பட்டறைக்குள் மெஷின் போட்டுவிட்டார். படியை வெளியே இழுத்துவிட யாருக்கும் நினைவில்லை.

"டிரைவரண்ணே, ஒரு நிமிஷம்" என்று அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தலையை வெளியே நீட்டினாள். யோசிக்கவில்லை. வயிற்றிலிருந்து எங்கேயோ கிளம்பி வந்தது.

"அத்தைஏஏ! குதிச்சுராதீங்க! இறக்கி விட்டுட்டு ஓடி வந்து படிய இழுத்து விடறேன்!"

ஓட்டைத் தகட்டு வேலிகள் அதிர்ந்தன. வெல்டர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. பக்கத்தில் கணவன் சட்டென்று எழுந்து நின்று, "லாரியா?" என்றான்.

தெருவின் மறுகோடியில் மாமியார் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

"கேட்டுச்சு!" என்றார்.